ஜார் பார்க்காத நீரூற்று

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் சாட்ஸ்வொர்த் என்றொரு பெரிய மாளிகை இருக்கிறது. அதன் தோட்டத்தில் ஒரு மரம். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண வில்லோ மரம்தான். கிட்டப் போனால் கிளை, இலை எல்லாமே செம்பு என்று தெரியும். 'அட, உலோக மரமா!' என்று நீங்கள் அண்ணாந்து பார்க்கிற நேரம் பார்த்து, அதிலிருந்து நாலா பக்கமும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். விருந்தாளிகளை நனைத்து வேடிக்கை பார்க்க 1690-களில் செய்த குறும்பு இது. இப்போது நிற்பது பின்னாளில் செய்த நகல். 1832-இல் அங்கே வந்த 13 வயது இளவரசி ஒருத்தி இதைக் கண்டு குதூகலித்து, 'பீய்ச்சும் மரம்' என்று பெயர் வைத்தாள். அவள்தான் பிறகு விக்டோரியா மகாராணி ஆனாள்.

இங்கே ஒரு கேள்வி. 1690-களில் மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. அந்த மரத்துக்குள் தண்ணீரைத் தள்ளிவிட்டது யார்?

பதில் மாளிகைக்குள் இல்லை. உள்ளே ஓவியங்களும் சிலைகளும் நூலகமும் உண்டு. அவற்றைப் பெரியவர்கள் பார்க்கட்டும். நாம் வெளியே போவோம். மாளிகைக்கு முன்னால் டெர்வென்ட் ஆறு ஓடுகிறது. ஆற்றைச் சுற்றிப் பரந்த புல்வெளி, அங்கங்கே மரக்கூட்டம், மேயும் மான்கள். காலங்காலமாய் இப்படியே இருந்த இடம் போலத் தோன்றும். உண்மையில், 1760-களில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற தோட்டக் கலைஞர் திட்டம் போட்டு உண்டாக்கிய 'இயற்கை' அது! இந்த மாதிரி மான் பூங்காக்களில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மரங்களின் அடிப்பக்க இலைகள், யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல ஒரே மட்டத்தில் நின்றிருக்கும். தோட்டக்காரர் வெட்டியதல்ல. மானின் வாய் எட்டுகிற உயரம் அது.

சரி, இப்போது மாளிகைக்குப் பின்னால் ஏறுங்கள். செங்குத்தான காட்டு மேடு; மூச்சு வாங்கும். உச்சியில், மரங்களுக்கு நடுவே ஓர் ஏரி. 8 ஏக்கர் பரப்பு. மாளிகையை விடச் சுமார் 110 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இது தானாக உண்டான ஏரி அல்ல, மனிதர்கள் வெட்டியது. ஏன் வெட்டினார்கள் என்பதுதான் கதை.

1844-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ், அதாவது ஜார், இங்கிலாந்துக்கு வரப்போகிறார் என்று தெரிந்தது. மாளிகையின் சொந்தக்காரரான டெவன்ஷயர் கோமகனுக்கு ஓர் ஆசை: ஜார் அசந்துபோகும்படி ஒரு நீரூற்று வேண்டும். அவர் கூப்பிட்டது எஞ்சினியரை அல்ல, தோட்டக்காரரை!

அந்தத் தோட்டக்காரர் ஜோசப் பேக்ஸ்டன், ஒரு விவசாயியின் மகன். 1826-இல் 22 வயதில் வேலைக்கு வந்தவர். முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கே வந்து சேர்ந்து, வாசல் திறக்காததால் சுவரேறிக் குதித்து, தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கெல்லாம் ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவரை உங்களுக்கும் கொஞ்சம் தெரியும். நம் ஊர்க் கடைகளில் 'ஜி9' என்று நீளமாக ஒரு வாழைப்பழம் விற்கிறார்களே, அது கேவண்டிஷ் என்ற இனத்தைச் சேர்ந்தது. கேவண்டிஷ் என்பது இந்தக் கோமகனின் குடும்பப் பெயர். 1830-களில் இங்கே கண்ணாடி வீட்டுக்குள், குளிர் நாட்டில், பேக்ஸ்டன் வளர்த்துக் காய்க்க வைத்த வாழைக்குத்தான் அந்தப் பெயர் வந்தது.

பேக்ஸ்டன் மோட்டாரைப் பற்றி யோசிக்கவில்லை. உயரத்தைப் பற்றி யோசித்தார். உங்கள் மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் 'சர்'ரென்று வரும். தொட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கிற மேல்மாடிக் குழாயில் சோம்பலாக வரும். தொட்டியும் அதே, தண்ணீரும் அதே. வித்தியாசம், குழாய்க்கு மேலே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதுதான். 10 மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது உங்கள் விரல் நகத்தளவு இடத்தில், ஒரு கிலோ எடை வைத்தது மாதிரி அழுத்தும். 110 மீட்டருக்கு? 11 கிலோ! நகத்தின் மேல் ஒரு சின்ன அரிசி மூட்டை. செம்பு மரத்துக்குள் தண்ணீரைத் தள்ளிவிட்டதும் இப்படி உயரத்தில் நின்ற தண்ணீர்தான்.

அந்த உயரத்துக்காகத்தான் மேட்டின் உச்சியில் ஏரி. ஆறே மாதத்தில் வேலை முடிந்தது. இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வெட்டினார்கள். ஏரியிலிருந்து குழாய் இறங்கி, மாளிகைக்குத் தெற்கே உள்ள நீண்ட குளத்தின் நடுவில் வாய் திறந்தது. நீர் 90 மீட்டர் உயரம் வரை எழும்பியதாகப் பதிவு இருக்கிறது. ஏறத்தாழ 30 மாடி! அவ்வளவு உயரம் போக, குழாய் வாயை விட்டுக் கிளம்பும்போதே மணிக்கு 150 கிலோமீட்டருக்குக் குறையாத வேகம் வேண்டும். மிக வேகமாகப் பந்து வீசுகிறவர் கையிலிருந்து பந்து புறப்படும் வேகம் அது; இங்கே பந்துக்குப் பதில் தண்ணீர், அதுவும் நேர் மேலே.

கணக்குப் புலிகள் இந்நேரம் கேட்டிருப்பார்கள்: ஏரி 110 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, மீதி 20 மீட்டர் எங்கே போயிற்று? வீடு கட்டும் இடத்தில் கொத்தனார், நீளமான பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். டியூப் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். நீரூற்றுத் தண்ணீரும் ஏரி மட்டத்துக்கே ஏறப் பார்க்கிறது. ஆனால் ஓடுகிற தண்ணீர் குழாயின் உட்சுவரில் உரசுகிறது. வெளியே வந்தால் காற்று தடுக்கிறது. போதாததற்கு, மேலே போய்த் திரும்பி விழும் துளிகள், ஏறி வரும் துளிகளின் தலையிலேயே மோதுகின்றன. அந்த 20 மீட்டர் இவற்றில்தான் போயிற்று. காற்றடிக்கும் நாளிலோ தண்ணீர் சாய்ந்து சிதறிப் புகைபோலப் பறக்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரை ஸ்டூல் மேல் வைத்து, மெல்லிய டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாளிக்குள் முக்கி, மறுமுனையைக் கீழே இறக்கி மேல் நோக்கிப் பிடியுங்கள். முனையை விரலால் பாதி அடைத்தால் நீர் இன்னும் மேலே போகும். விரல் புதிதாக எந்தச் சக்தியையும் கொடுக்கவில்லை. வெளியேறும் தண்ணீர் குறைவதால் டியூப்புக்குள் மெதுவாக ஓடுகிறது, உரசலில் வீணாவது குறைகிறது, அவ்வளவே. எப்படி அடைத்தாலும் வாளியின் நீர்மட்டத்தைத் தாண்டாது. தாண்டினால் எனக்கு எழுதுங்கள். நான் இந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். (வீட்டைத் துடைப்பது உங்கள் பொறுப்பு.)

ஜார் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் அவர் சாட்ஸ்வொர்த்துக்கு வரவேயில்லை. 1855-இல் இறந்தும் போனார். நீரூற்றுக்கு மட்டும் 'எம்பரர்', அதாவது சக்கரவர்த்தி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஏரி சும்மா கிடக்கவில்லை. 1893-இல் அந்தத் தண்ணீரைக் கீழே இறக்கி டர்பைனைச் சுழற்றி, மாளிகைக்கு மின்சாரம் எடுத்தார்கள். 1936 வரை அப்படியே ஓடியது. பிறகு வெளியிலிருந்து மின்சாரம் வரவே, அதை விட்டுவிட்டார்கள். 1988-இல் புது டர்பைன் ஒன்றை வைத்தார்கள். மாளிகைக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்து கிடைத்தது.