எந்தக் கலெக்டர் விட்ட லீவு?

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் காரைக்கால் பக்கத்து வீடுகளில் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும்: கனமழை, நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் அறிவிப்பு. எந்தக் கலெக்டர் என்பது மட்டும் அதில் இருக்காது. வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம், இரண்டும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். மழை எல்லை பார்க்காமல் பெய்யும், லீவு எல்லை பார்த்துத்தான் கிடைக்கும். ஆகவே நெடுங்காடு கொம்யூனில் உள்ள குரும்பகரத்துப் பிள்ளைக்கு வரும் அந்தச் செய்தி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து மாவட்டத்துக்கு அது மெய்யாக இருக்கலாம். போன வருஷத்து மழைக்கு விட்ட லீவாகவும் இருக்கலாம்.

யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டு, பதிலைத் தேடிப் பிடித்து, சரிபார்த்துப் பயன்படுத்தத் தெரிவதற்குத் தகவல் எழுத்தறிவு என்று பெயர். 1974-இல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். அப்போது வீடுகளில் கணினியே கிடையாது. செல்போனை வேகமாகத் தட்டத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பள்ளியில் இதைச் சொல்லித்தர வேண்டியவர் நூலகர். எப்படிச் சொல்லித்தருவார் என்பதற்கு ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி: "காரைக்காலுக்கு எப்போது சுதந்திரம் கிடைத்தது?" அரை மணி நேரம் தேடிவிட்டு வந்தால் வகுப்பில் மூன்று விடைகள் இருக்கும். பாடப்புத்தகத்தைப் பார்த்தவர் 1947 ஆகஸ்ட் 15 என்பார். வேறொருவர் 1954 நவம்பர் 1 என்பார். கொஞ்சம் ஆழமாகப் போனவர் 1962 ஆகஸ்ட் 16 என்பார்.

நல்ல நூலகர் இந்த இடத்தில் சரியான விடையைச் சொல்லிவிட மாட்டார். ஒவ்வொரு தேதியும் எந்தக் கேள்விக்கு விடை என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்வார். 1947 இந்தியாவுக்கு ஆங்கிலேயரிடமிருந்து கிடைத்த விடுதலை. அன்று காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சிதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் 1962 வரை இழுத்தது. அதன்பிறகுதான், 1962 ஆகஸ்ட் 16 அன்று, சட்டப்படியான ஒப்படைப்பு நடந்தது. ஆக, பிள்ளைகள் கொண்டுவந்த தேதிகளில் தவறான தேதி ஒன்றும் இல்லை. கேள்விதான் தெளிவாக இல்லை. தேடத் தொடங்கும் முன் கேள்வியைச் செதுக்க வேண்டும் என்ற முதல் பாடம் இப்படித்தான் உள்ளே இறங்குகிறது.

அடுத்தது, விடை எங்கே கிடைத்தது என்று எழுதிவைப்பது. "கூகுளில் பார்த்தேன்" என்பது ஆதாரம் ஆகாது. புத்தகம் என்றால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் புரட்டி ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பொருளடக்கம் முன்னால், சொல்லடைவு பின்னால். எதை எதற்குப் பார்ப்பது என்று காட்ட வேண்டும். (தமிழில் வரும் கட்டுரை நூல்கள் பல சொல்லடைவே இல்லாமல் வருவது பதிப்பாளர்கள் வாசகருக்குச் செய்யும் துரோகம் என்பேன்.) குறித்துக்கொண்டதைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொன்னால், பார்த்து எழுதும் பழக்கமும் பாதி போய்விடும்.

இணையத்துக்கு இன்னொரு பயிற்சி தேவை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேரிடம் சில வலைத்தளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். படித்த பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்து அதன் அழகிலும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளிலேயே வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள். நமக்கு இது புதிதல்ல. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலா விசாரிக்கிறோம்?

குரும்பகரம் போன்ற ஊரில் இந்தத் திறமைக்குக் கூடுதல் தேவை இருக்கிறது. தமிழில் எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது தமிழ்நாட்டு விடைதான். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. ஆனால் பிள்ளை பாடத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் வருவது தமிழ்நாட்டின் சமச்சீர் நோட்ஸ். விடைத்தாளில் மதிப்பெண் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு எத்தனை சதவீதம் என்று தேடினால் 7.5 என்று வரும். அது தமிழ்நாட்டின் ஒதுக்கீடு. புதுச்சேரியில் 2023-இல் கொண்டுவந்தது 10 சதவீதம். சேர்க்கை நடத்துவதும் வேறு அமைப்பு, சென்டாக். அடுத்த மாநிலத்தின் கடைசித் தேதியை நம்பி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் ஒரு வருஷம் போய்விடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டாலும் எந்த மாநிலம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அரசின் அறிவிப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

இதைப் பள்ளியில் நடத்திக் காட்டியவர்கள் தூரத்தில் இல்லை. காரைக்காலைப் போலவே புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயைச் சுற்றி இருப்பது கேரளம். அதன் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல் கலெக்டர் மிர் முகமது அலி சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டறியும் வகுப்புகளைத் தொடங்கினார். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததுதான் அவரை யோசிக்கவைத்தது. பின்னர் கேரள அரசின் கைட் நிறுவனம் இத்தகைய பயிற்சியை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. அங்கே பாடம் நடத்தியவர்கள் ஆசிரியர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2023-இல் தகவல் எழுத்தறிவைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியபோது, பாடத்தரத்தை வகுப்பதில் பள்ளி நூலகர்களுக்கும் பங்கு உண்டு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது.

நம் மண்ணுக்கும் இதில் உரிமை உண்டு. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழி காரைக்காலுக்கு வடக்கே, இதே கடலோர டெல்டாவில் இருக்கிறது. கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. வந்தவருக்கு அலமாரியைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடாமல், அவர் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை கூட நிற்பதுதான் நூலகரின் வேலை என்று நினைத்தவர். அவர் பிறந்த நாளே ஒரு நல்ல வீட்டுப்பாடம்: 1892 ஆகஸ்ட் 9 என்றும் 12 என்றும் இரண்டு தேதிகள் கிடைக்கும். தேசிய நூலகர் நாள் 12-ஆம் தேதி.

தடை எங்கே? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், செய்தித்தாள், இதழ், கதைப்புத்தகம் உட்பட எல்லாம் வேண்டும் என்கிறது. நூலகர் வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் பல பள்ளிகளில் யாரோ ஒரு ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகச் சாவியை வைத்திருக்கிறார். பரீட்சை நெருங்கினால் நூலகப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் பங்குபோட்டுக்கொள்ளும். நூலகர் இருக்கும் பள்ளியிலும் வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்படுபவர் அவராகத்தான் இருப்பார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கால அட்டவணையை எடுத்துவைத்து, நூலகப் பாடவேளை எந்தக் கிழமை, அதில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.