பெற்றவள் மனம் மாற 60 நாள்... அதன் பிறகுதான் வெளிநாட்டுத் தம்பதி!

கல்வராயன் மலையில் பிறந்த ஒரு குழந்தையை வெளிநாட்டுத் தம்பதி தத்தெடுக்க முடியுமா? முடியும். ஆனால், அவ்வளவு சுலபமில்லை.

வளர்க்க வழியில்லாத தாய், குழந்தைகள் நலக்குழு முன்பு குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் 60 நாள்களுக்குள் திரும்பப் பெறலாம். அதன் பிறகே தத்துப் பேச்சு. அதிலும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கும்தான் முன்னுரிமை. இவர்கள் யாரும் முன்வராத குழந்தைகளே வெளிநாட்டினருக்கு. பெரும்பாலும் சற்று வளர்ந்த, அல்லது சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள்.

தம்பதி தங்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற முகமை வழியாக, மத்திய தத்துவள ஆணையமான ‘காரா’வில் பதிய வேண்டும். திருமணமாகி 2 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், இருவர் வயதும் சேர்ந்து 85-ஐத் தாண்டக் கூடாது. முன்பு நீதிமன்றம் போட்ட தத்து உத்தரவை 2022 செப்டம்பர் முதல் கலெக்டரே போடுகிறார். குழந்தை விமானம் ஏறிய பிறகும் 2 ஆண்டுகள் கண்காணிப்பு உண்டு.

ஏன் இத்தனை கெடுபிடி? சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள் ஆதரவற்றவர்கள் என்ற பெயரில் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனது 2005-ல் அம்பலமானது. 1999-ல் தொலைந்த மகனுக்காக ஓர் ஏழைக் குடும்பம் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போராடியது. அங்கே டி.என்.ஏ சோதனைக்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை.