தன்விவரக் குறிப்பு: ஏலமலை இளைஞருக்குச் சில விளக்கங்கள்

இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தில் ஏலத்தோட்டங்களை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களிலிருந்து பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்கள் பணி நாடி அனுப்பும் தன்விவரக் குறிப்பு, பெரும்பாலும் கணினிக் கடையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு மாதிரியின் நகலாகவே அமைந்துவிடுகிறது. பெயரும் மதிப்பெண்ணும் மட்டுமே மாறுகின்றன. "கடின உழைப்பாளி", "குழுவாகப் பணியாற்றும் இயல்பினர்" என்ற தொடர்கள் அனைத்திலும் உள்ளன.

இதனால் விளையும் இழப்பைப் பொருளாதார நோக்கில் விளக்கலாம். விண்ணப்பதாரரின் திறனைப் பணியளிப்பவர் நேரில் காண்பதில்லை. அடையாளங்களைக் கொண்டு ஊகிக்கிறார். இதனை 1973ஆம் ஆண்டு ஆராய்ந்து எழுதிய மைக்கேல் ஸ்பென்ஸ், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எல்லோரும் செலவின்றிக் கூறக்கூடிய செய்தி எவரையும் பிரித்துக் காட்டாது என்பது அவ்வாதத்திலிருந்து பெறப்படும்.

அரசுப் பணிக்கு இக்குறிப்பின் பயன் குறைவே. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், 'பி' பிரிவின் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நேர்காணல் இல்லை. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமோ தன் இணையப் பதிவையே கோருகிறது. தனியார் நிறுவனம், வங்கிசாராக் கடன் நிறுவனம், ஏற்றுமதியாளர், தொண்டு நிறுவனம் ஆகியவற்றிடம்தான் இத்தாள் பேசுகிறது.

அங்கே எதை எழுதுவது? விடுமுறைகளில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்த மாணவர் பலர் அதனை மறைத்துவிடுகின்றனர். கூலி வேலை என்று கருதப்படுமோ என்ற கூச்சமே காரணம். இக்கூச்சம் தேவையற்றது. பச்சைக் காயின் நிறம் கெடாமல், ஏறத்தாழ 45 முதல் 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்துவதும், ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர் காய் தேறுகிறதா எனக் கணக்கிடுவதும், 7, 8 மில்லிமீட்டர் சல்லடைகளில் தரம் பிரிப்பதும் நறுமணப் பொருள் வணிகத்தின் உயிர்நாடியான திறன்களாகும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் மின்னணு ஏலங்களை ஒட்டித் தொழில் செய்யும் நிறுவனத்திற்கு, வணிகவியல் பட்டத்தோடு இவ்வறிவும் உடையவர் அரியவர். ஆகவே, "ஸ்டோரில் பணியாற்றினேன்" என்று நிறுத்தாமல், எத்தனை பருவம், எந்தப் பொறுப்பு, எடைப் பதிவேட்டை எழுதியது தாமா என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். செய்யாததைச் சேர்த்தால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

மொழியறிவையும் விரித்து எழுதுதல் நலம். தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்றே கேரளத்தில் தனிப் பணிவகை உண்டு. தொழிலாளரோடும் அலுவலகத்தோடும் ஒருங்கே பேச வல்லவரைத் தனியாரும் நாடுவர். படிக்க, எழுத, பேச என மூன்றையும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே காட்டுக. பேச மட்டும் தெரிந்த மொழியை அவ்வாறே எழுதுக.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வழக்கில் தலைப்பெழுத்து பெயருக்கு முன் நிற்கும்; கேரளப் பள்ளிச் சான்றிதழில் பெரும்பாலும் பின் நிற்கும். ஆதாரில் மூன்றாவது வடிவமும் இருக்கக்கூடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதிவிட்டால் பின்னர் அலைய வேண்டியதில்லை. சாதி, மதம், தந்தையின் தொழில் ஆகியவற்றுக்குத் தனியார் விண்ணப்பத்தில் இடமே இல்லை. இன்றும் பலர் எழுதுவது பழக்கத்தால்தான்.

புதியவருக்கு ஒரு பக்கம் போதுமானது. லயங்களில் கைபேசித் தொடர்பு அடிக்கடி அறுபடுவதால், நெடுங்கண்டத்திலோ போடியிலோ உள்ள உறவினர் ஒருவரின் எண்ணையும், அவர் ஒப்புதலுடன், இன்னார் எண் என்ற குறிப்போடு இரண்டாவதாகத் தருக.