ஒரு துறைமுகம், இரண்டு மாநிலங்கள்

அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி இறங்குவது நியூயார்க் மாநிலத்தில் அல்ல. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் நியூவர்க், எலிசபெத் முனையங்களில். இரு கரைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள 1921 ஏப்ரல் 30 அன்று இரண்டு மாநிலங்களும் உடன்படிக்கை செய்து ஒரு துறைமுக ஆணையத்தை அமைத்தன.

அதற்கு முன் நடந்தது கட்டணச் சண்டை. மேற்கிலிருந்து வந்த ரயில் பாதைகளில் பெரும்பாலானவை நியூ ஜெர்சிக் கரையோடு நின்றுவிட்டன. அங்கிருந்து சரக்கைத் தோணிகளில் ஏற்றி நியூயார்க் பக்கத்து மன்ஹாட்டனுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனாலும் இரு கரைக்கும் ஒரே கட்டணம்தான். தங்கள் கரைக்குக் கட்டணம் குறைய வேண்டும் என்று நியூ ஜெர்சி தரப்பு முறையிட்டுத் தோற்றது. முதல் உலகப் போரின்போது கப்பலேற வேண்டிய சரக்கு ரயில்களிலேயே தேங்கியபோதுதான், பிரிந்து நின்றால் இருவருக்கும் நட்டம் என்பது உறைத்தது.

ஆணையத்தின் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். மாநிலத்துக்கு ஆறு பேர். தன் மாநில உறுப்பினர்களின் முடிவை ரத்து செய்ய ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. வரி விதிக்கும் உரிமை ஆணையத்துக்கு இல்லை. பாலம், சுரங்கப் பாதைகளின் சுங்கம், வாடகை, கட்டணம் ஆகியவற்றில் வரும் வருமானத்தில்தான் அது இயங்கியாக வேண்டும்.

இந்தச் சம அதிகாரம் பேரம் பேச வைக்கிறது. பன்னாட்டு வணிக நிறுவனங்களை ஒரே இடத்தில் கூட்ட மன்ஹாட்டனின் கிழக்கு ஓரத்தில் உலக வர்த்தக மையம் கட்ட ஆணையம் நினைத்தது. எங்களுக்கு இதில் என்ன பயன் என்று நியூ ஜெர்சி கேட்டது. நியூ ஜெர்சியை மன்ஹாட்டனோடு இணைத்த, ஆனால் நொடித்துப்போன ஹட்சன் ஆற்றடி ரயிலை ஆணையமே ஏற்றுக்கொள்ள, மையமும் அந்த ரயில் வந்து சேரும் மேற்கு ஓரத்துக்கு நகர்ந்தது. 1962-ல் இரண்டுக்கும் சேர்த்தே சட்டம் வந்தது. இப்படிக் கொடுத்து வாங்கிய உடன்பாடுகள்தாம் நிலைக்கின்றன என்பது என் கணிப்பு.

இழப்பும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 1956-ல் கன்டெய்னர் கப்பல் போக்குவரத்தின் முன்னோடி மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர்களை இறக்கி அடுக்கப் பரந்த நிலம் வேண்டும். அது நியூ ஜெர்சியில் இருந்தது. மன்ஹாட்டன், புரூக்ளின் துறைகள் வெறிச்சோடின, அங்கே மூட்டை சுமந்தவர்களின் வேலையும் போனது. துறைமுகம் முழுவதற்கும் நன்மை என்றாலும், அந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

கூட்டு இன்றும் பலன் தருகிறது. பெரிய கப்பல்கள் நியூ ஜெர்சி முனையங்களுக்குள் நுழைய, வழியில் உள்ள பயோன் பாலத்தின் தளத்தை 151 அடியிலிருந்து 215 அடிக்கு உயர்த்தி, 2017-ல் வழி திறந்தார்கள். ஆனால் ஆணையம் தொடக்கத்திலேயே வகுத்த திட்டத்தின் முக்கியப் பகுதியான, துறைமுக நீருக்கு அடியில் செல்லும் சரக்கு ரயில் சுரங்கம் இன்னும் கட்டப்படவில்லை. நியூயார்க் நகரத்துக்கான சரக்கில் பெரும்பகுதி இன்றும் லாரிகளில்தான் போகிறது.