பெற்றோர் உளநோயும் குழந்தைக்கு வேண்டும் சொல்லும்

தாயோ தந்தையோ உளநோயுற்ற இல்லத்தில் மருத்துவரும் சுற்றத்தாரும் நோயுற்றவரையே நோக்குவர். அவ்வில்லத்தில் வளரும் குழந்தையை நோக்குவார் மிகச் சிலர். அக்குழந்தையின் உளநலத்தைக் காப்பது எங்ஙனம் என்பது மருத்துவ நூலார் ஆராய்தற்குரிய பொருளன்றோ, தமிழாய்வு இதழில் இதற்கு இடம் யாது எனச் சிலர் வினவக்கூடும். இத்துறையில் ஆய்ந்தோர் கண்ட முடிபுகளுள் தலையாயது, குழந்தைக்குப் புரியும் மொழியில் உண்மையை எடுத்துரைத்தல் வேண்டும் என்பதாம். எடுத்துரைத்தற்குச் சொல் வேண்டும். சொல்லைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குரியது. ஆகலின் இப்பொருளை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

குழந்தை எய்தும் இடர்

ஆங்கில நாட்டு உளமருத்துவ அறிஞர் மைக்கேல் ரட்டர், நோயுற்ற பெற்றோரின் மக்களைப் பற்றி 1966ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயின் பெயரைக் காட்டிலும், அந்நோயால் இல்வாழ்க்கையில் நேரும் பூசலும் உறவுக் குலைவுமே குழந்தையைப் பெரிதும் தாக்குகின்றன என்பது அவராலும் பின்வந்தோராலும் வலியுறுத்தப்பெற்ற உண்மை. மரபுவழி வரும் இடர் இல்லையெனல் பொருந்தாது. ஆயினும் அதனை அளவறிந்து கூறுதல் வேண்டும். மனச்சிதைவு எனப்படும் நோய் பொதுமக்களுள் நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது. பெற்றோருள் ஒருவர் அந்நோயுற்றவராயின், மக்களுள் நூற்றுவரில் ஏறத்தாழப் பதின்மருக்கு வரலாம். எனவே பெரும்பாலோர்க்கு அது வருவதில்லை என்பது தெளிவு. இத்தெளிவு குழந்தைக்கு எட்டுவதில்லை.

குழந்தையின் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழும். இந்நோய் என்னால் வந்ததோ? எனக்கும் வருமோ? என்னைக் காப்பார் யார்? பெரியோர் வாய் திறவாவிடில், குழந்தை இவற்றுக்குத் தானே விடை புனைந்துகொள்ளும். அவ்விடை பெரும்பாலும் உண்மையினும் கொடியதாகவே இருக்கும்.

மெய்ப்பாட்டியல் தரும் விளக்கம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலை கெட்டுத் தளர்தல், வறுமையுறுதல் என அவற்றைத் தொகுத்துரைக்கலாம். இறப்பால் வரும் துயர் இழவின்பாற்படும். உளநோயுற்ற தாயின் குழந்தை எய்தும் துயரோ அவ்வாறன்று. தாய் உயிரோடிருக்கிறாள், ஆனால் நேற்றிருந்த தாயாக இல்லை. அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், எதிரில் இருந்தும் இல்லாதார் போலாகிய உறவினர் பொருட்டு எய்தும் துயரைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டு, 1999இல் அதனைப் பற்றித் தனிநூல் எழுதினார். நம் இலக்கணம் அசைவு என்று வேறுபிரித்த நிலை இதற்கு நெருங்கியது என்பது எம் கருத்து. இறப்புக்குச் சடங்குண்டு; துயர் கேட்க வருவாரும் உண்டு. அசைவுக்கு இவை இல்லை. இக்குழந்தையை எவரும் துயர் வினவாமைக்கு இஃதொரு காரணம். இகழ்ச்சியும், பொருளீட்டுவார் நோயுற்றமையால் வரும் வறுமையும் உடன் சேருங்கால், நான்கனுள் மூன்று ஒரு சிறு நெஞ்சில் ஒருங்கே தங்குவனவாகின்றன.

வழங்கும் சொற்கள்

பித்து என்னும் சொல் பித்தத்தோடு தொடர்புடையது. பைத்தியம் என்பதும் அவ்வாறே பித்தத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. உடலின்கண் உள்ள நீர்மை மிக்கமையால் நேர்ந்த நோய் என்பதே இவற்றின் முதற்பொருள். நோயுற்றவரைப் பழிக்கும் குறிப்பு அம்முதற்பொருளில் இல்லை. பித்தன் என்பதைச் சிவபெருமான் பெயர்களுள் ஒன்றாகச் சைவர் போற்றவும் செய்வர். ஆயினும் இன்றைய வழக்கில் பைத்தியம் என்பது வசையாகவே நிற்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர், ஆங்குள்ள உளநோய் மருத்துவமனை பற்றி, ஏளனச் சொல்லாக வழங்குதலைக் காண்கிறோம். இடவாகுபெயருக்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும். ஆனால் தந்தையை அம்மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மீளும் சிறுவன், பள்ளியில் அச்சொல்லைக் கேட்டு நகைக்கும் தோழரிடையே எவ்வாறு அமர்ந்திருப்பான் என்பதை இலக்கணம் கூறாது. நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கலைச்சொற்களும் குற்றமற்றன அல்ல. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் 1908இல் பிளவு, மனம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களைக் கூட்டி ஒரு நோய்ப்பெயர் அமைத்தார். அதனைத் தமிழில் மனச்சிதைவு என வழங்குகிறோம். சிதைந்த பொருள் மீண்டும் கூடாது என்பது சிதைவு என்னும் சொல் தரும் குறிப்பு. நோயோ மருந்தாலும் துணையாலும் தணியக்கூடியது. சப்பானியரும் இந்நோய்க்கு மனப்பிளவு நோய் என்னும் பொருளுடைய பெயரையே வழங்கிவந்தனர். நோயாளிகளின் குடும்பத்தார் கூட்டமைப்பு 1993இல் வேண்டிக்கொண்டதன் பயனாக, 2002இல் அந்நாட்டு உளமருத்துவர் கழகம் அப்பெயரை நீக்கி, ஒருங்கிணைவுக் குறை என்னும் பொருள்படப் புதுப்பெயர் சூட்டியது. நோயாளிகளுள் தம் நோயின் பெயர் அறிவிக்கப்பெற்றோர் 2002இல் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேராக இருந்து, 2004இல் ஏறத்தாழ 70 பேராக உயர்ந்தனர் என ஓர் ஆய்வு கூறுகிறது. கொரியர் 2011இல் நரம்புக் கருவியைச் சுருதி கூட்டுதல் என்னும் கருத்தமைந்த பெயரை ஏற்றனர். யாழ் நரம்பைப் பண்ணுதல் பற்றி விரிவாக எழுதிய உரையாசிரியர்களைப் பெற்ற நமக்கு இக்கருத்து அயலானதன்று.

பெயரை மாற்றினால் நோய் நீங்குமோ, புதுப்பெயரும் நாளடைவில் வசையாகாதோ என்பது தகுந்த வினாவே. பித்து என்னும் சொல்லின் வரலாறே அதற்குச் சான்று. ஆகவே பெயர்மாற்றம் மட்டும் போதாது. பெயரோடு விளக்கமும் சேர்தல் வேண்டும்.

பிற நாட்டு முறைகளும் நம் நாட்டுச் சட்டமும்

பின்லாந்தில் தைத்தி சோலந்தாவுஸ் என்னும் அறிஞர் 2001இல் வகுத்த முறைக்குக் குழந்தைகளைப் பேச்சுக்குக் கொணர்வோம் என்பது போன்ற பெயருண்டு. நோயுற்ற பெற்றோரோடு மருத்துவர் அமர்ந்து, குழந்தையின் நாள் எவ்வாறு கழிகிறது, அதன் வலிமை யாது, இடர் யாது என உசாவி, வீட்டிலும் பள்ளியிலும் செய்யத்தக்கனவற்றை முடிவு செய்வர். நார்வே நாட்டில் 2010 முதல், நோயாளிக்கு அகவை நிரம்பா மக்கள் உளராயின் அவர்தம் தேவையைக் கருதுதல் மருத்துவப் பணியாளர் கடமையெனச் சட்டமாயிற்று. இத்தகைய முயற்சிகளைப் பற்றிய 13 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கட்டுரை, பெற்றோர்க்குள்ள நோய் மக்களுக்கு வரும் வாய்ப்பு இவற்றால் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைதலைக் காட்டிற்று.

நம் நாட்டில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் பித்தர் சட்டம் என்றே பெயர் பெற்றிருந்தது. 1987இல் அதற்கு மாற்றாக ஒரு சட்டம் வந்தது. அதனை நீக்கி 2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. மருத்துவ நிலையத்தில் தங்கும் தாயிடமிருந்து மூன்று அகவைக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரித்தலாகாது என்பது இப்புதுச் சட்டத்தின் விதி. பிரிக்க நேரின், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அம்முடிவை மறுஆய்வு செய்தல் வேண்டும். இவ்விதி போற்றத்தக்கது. ஆயினும் மூன்று அகவையைக் கடந்து, நிகழ்வதை உணரவும் வினவவும் தொடங்கிவிட்ட குழந்தையைப் பற்றி இவ்விதி பேசவில்லை. அக்குறையை ஆசிரியரும் சுற்றத்தாருமே நிரப்புதல் வேண்டும்.

கூறத்தக்கன

கூற்று எளிய பேச்சுத்தமிழை ஒட்டியிருத்தல் நன்று. "அம்மாவுக்கு வந்திருப்பது ஒரு நோய். அதனால்தான் அம்மா சில நாள் பேசாமல் இருக்கிறாள், சில நாள் கோபப்படுகிறாள். நீ செய்த எதனாலும் இது வரவில்லை. மருத்துவர் பார்க்கிறார். உனக்குச் சோறு போடவும் பள்ளிக்கு அனுப்பவும் அத்தை இருக்கிறாள். எப்போது வேண்டுமானாலும் நீ கேட்கலாம்." இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும். முன்னர் யாம் கூறிய வினாக்களுள் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இதில் விடையுண்டு. எனக்கும் வருமோ என்பதற்கு, அகவை சற்று முதிர்ந்தபின், வராமலிருப்போரே மிகப் பலர் என்று அளவோடு கூறலாம். தாயை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறாள் எனப் பொய்யுரைத்தல் தகாது; மெய் வெளிப்படும் நாளில் குழந்தை எவரையும் நம்பாது போகும்.

சொல்லோடு செயலும் வேண்டும். உணவு, உறக்கம், பள்ளி, விளையாட்டு ஆகியன வழக்கம்போல் நடைபெறுதல், மாறாத அன்புடைய பெரியவர் ஒருவரேனும் அருகிருத்தல், நோய் முற்றும் வேளையில் யாரை அழைப்பது என முன்னரே வகுத்து வைத்தல் என்பன இன்றியமையாதன. தாய்க்கு மருந்து கொடுக்கும் பொறுப்பைச் சிறுமியின் மேல் சுமத்துதல் கூடாது. 2022இல் நடுவணரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

நம் கடமை

தமிழ்த்துறையார் செய்யத்தக்கன சில உள. உளநோய் பற்றி வட்டாரந்தோறும் வழங்கும் சொற்களைத் தொகுத்து, வசையாவன இவை, வசையல்லாதன இவை எனப் பிரித்துக் காட்டலாம். மருத்துவரோடு கூடி மனச்சிதைவு முதலிய கலைச்சொற்களை மீளாராயலாம். பத்து அகவைக் குழந்தை தானே படித்துணரும் சிறுநூல் ஒன்றை எழுதித் தரலாம். முதுகலை மாணவர் பலர் நாளைப் பள்ளி ஆசிரியராவர். அவர் வகுப்பில் பைத்தியம் என்னும் சொல்லைக் கேட்டுத் தலைகுனியும் மாணவன் ஒருவன் இருக்கக்கூடும். அவனைத் தனியே அழைத்து, வீட்டில் எல்லாரும் நலமா என அன்போடு வினவி, அவன் விடை கூறும்வரை பொறுத்திருப்பாராயின், மருத்துவம் தொடங்குதற்கு வேண்டிய முதற்பணியை அவர் செய்தவராவர்.