இனிஷியலில் இடறும் தேசப் பாதுகாப்பு

2009 நவம்பர். நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தகப்பன் வந்தார். வங்கித் துறையில் பெரிய பதவிகளைப் பார்த்தவர். மகனின் போக்கு சரியில்லை, தீவிரவாதிகளோடு சேர்ந்துவிட்டானோ என்று பயமாக இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். பெற்றவனே நேரில் வந்து கொடுக்கும் தகவலைவிட உறுதியான உளவுத் தகவல் வேறு எங்கே கிடைக்கும்? தூதரகத்தில் யாரும் அதை அலட்சியப்படுத்தவில்லை. வாஷிங்டனுக்கு உடனே குறிப்பு போனது. அந்தப் பையனிடம் அமெரிக்க விசா இருக்கிறதா என்று கணினியிலும் தேடினார்கள். இல்லை என்றது கணினி.

விசா இருந்தது. தேடியபோது பெயரில் எழுத்துப் பிழை.

டிசம்பர் 25 அன்று அந்த இளைஞன், உள்ளாடைக்குள் வெடிமருந்தை வைத்துத் தைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போகும் விமானத்தில் உட்கார்ந்திருந்தான். குண்டு சரியாக வெடிக்கவில்லை. அதனால்தான் விமானத்தில் இருந்த ஏறக்குறைய 290 பேரும் பிழைத்தார்கள்.

சரி, ஒரு தடவை நடந்துவிட்டது, திருத்திக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்போம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்த சகோதரர்களில் மூத்தவனைப் பற்றி ரஷ்யா 2011-லேயே எச்சரித்திருந்தது. கண்காணிப்புப் பட்டியலில் அவன் பெயரும் ஏறியிருந்தது, வேறு எழுத்துக்கூட்டலோடும் தவறான பிறந்த தேதியோடும். 2012-ல் அவன் ரஷ்யாவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டுத் திரும்பி வந்தான். திரும்பி வந்தபோது எந்த மணியும் அடிக்கவில்லை.

தேசப் பாதுகாப்பில் தரவு மேலாண்மை மென்பொருள் என்று தலைப்பு கொடுத்தால், சுவர் முழுக்கத் திரை, அதில் நகரும் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஹேக்கர் தம்பி என்று எழுதித் தருவார்கள் என ஆசிரியர் குழு எதிர்பார்த்திருக்கும். நிஜத்தில் இந்த மென்பொருள் நாள் முழுக்கச் செய்யும் வேலை இதைவிடச் சப்பென்றது. இந்தப் பட்டியலில் இருக்கும் ஆளும் அந்தப் பட்டியலில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா? இந்த ஒரு கேள்விக்குத்தான் அது கோடிக்கணக்கான முறை பதில் தேடுகிறது. அந்தப் பதில் தப்பினால் மேலே எத்தனை செயற்கை நுண்ணறிவை ஏற்றினாலும் தப்புதான்.

நம் நாட்டுக் கதையும் பெயரில்தான் தொடங்குகிறது. மும்பைத் தாக்குதலுக்கு முன்னோடியாக வந்து இடங்களைப் படம்பிடித்துப் போன அமெரிக்கக் குடிமகன், 2006-ல் தன் பாகிஸ்தானியப் பெயரைச் சட்டப்படியே மாற்றி அமெரிக்கப் பெயர் வைத்துக்கொண்டான். அதன்பிறகு 2008-க்குள் ஐந்து முறை மும்பைக்கு வந்து தங்கினான். விசா விண்ணப்பம் ஓர் இடத்தில் இருந்தது. குடியேற்ற முத்திரை இன்னோர் இடத்தில். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் தர வேண்டிய சி படிவம் மூன்றாவது இடத்தில். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்கான காகிதம். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த மேசையாகப் பிறந்ததுதான் நாட்கிரிட். வங்கி, ரயில், விமானம், தொலைபேசி, குடியேற்றம், வரி என 21 வகைத் தரவுகளை இணைப்பது திட்டம். தானாக எதையும் சேமித்து வைக்காது, கேட்கும்போது அங்கங்கே இருப்பதைத் தேடி எடுத்துத் தரும் என்பது அரசுத் தரப்பு விளக்கம். 2011-ல் அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கும் கிடைத்தது. இன்னொரு பக்கம், நாட்டின் காவல் நிலையங்களையெல்லாம் ஒரே வலைப்பின்னலில் கோர்க்கும் சிசிடிஎன்எஸ் திட்டம் 2009-லிருந்து நடக்கிறது. குழாய் போட்டாயிற்று. அதில் வரும் தண்ணீர் எப்படி என்பதுதான் என் கவலை.

பெயரைப் பொருத்திப் பார்க்கும் கலை மென்பொருளைவிட மூத்தது. 1918-ல் அமெரிக்காவில் சவுண்டெக்ஸ் என்ற முறைக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டைகளை அடுக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். பெயரின் முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துகளைத் தூக்கிவிட வேண்டும். மிச்சமுள்ள மெய்களுக்கு ஓசை வாரியாக எண் தர வேண்டும். அவ்வளவுதான் முறை. நம்ம ஊர் செல்வியை அதில் போட்டுப் பார்த்தேன். எஸ்-410 என்று வந்தது. சில்வியாவுக்கும் எஸ்-410. கோவாவிலோ கொழும்பிலோ இருக்கும் சில்வாவுக்கும் அதே எஸ்-410. ஆனால் அதே செல்வி, பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுத்தபடி சி-எச் என்று தொடங்கும் ஆங்கில எழுத்தில் கையெழுத்துப் போட்டால் சி-410 ஆகி வேறு பெட்டிக்குப் போய்விடுவாள். சில்வியாவும் செல்வியும் ஒரே ஆள், செல்வியும் செல்வியும் வேறு வேறு ஆள்!

இன்றைய மென்பொருள்கள் இதைவிட எவ்வளவோ கெட்டிக்காரத்தனமானவை. எத்தனை எழுத்து மாற்றினால் ஒரு பெயர் இன்னொன்றாகும் என்று அளக்கின்றன. 1969-ல் கனடாவின் இரண்டு புள்ளியியலாளர்கள் வகுத்த கணக்கின்படி, அரிதான பெயர் பொருந்தினால் அதிக மதிப்பெண்ணும் பரவலான பெயர் பொருந்தினால் குறைந்த மதிப்பெண்ணும் தருகின்றன. நல்ல கணக்குதான். ஆனால் எந்த ஊரில் அரிது, எந்த ஊரில் பரவல்? அமெரிக்கப் பெயர்களை ஊட்டி வளர்த்த மென்பொருளுக்கு முருகேசன் என்பது அபூர்வமான பெயர். ஒரு முருகேசனுக்குப் பதில் இன்னொரு முருகேசன் சிக்கினால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உறுதி என்று அது அடித்துச் சொல்லும். சேலம் பேருந்து நிலையத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

இனிஷியலுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். உலகத்தின் பயணப் பதிவேடுகள் எல்லாம் தனிப்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டத்தில் ஓடுகின்றன. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. சாதிப் பெயரை உதறிவிட்டு அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்ட சமூகம் நம்முடையது. அதில் எனக்குப் பெருமையே தவிர வருத்தமில்லை. கணினிக்குத்தான் வருத்தம்.

கொங்குப் பக்கத்து வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா ப. ராமசாமி. அவர் மகன் ரா. பழனிசாமி. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம், ஆகவே பேரன் ப. ராமசாமி. ஒரே ஊர், ஒரே வீட்டு எண், ஒரே பெயர், ஒரே இனிஷியல். பிறந்த தேதியை வைத்துப் பிரித்துவிடலாமே என்பீர்கள். தாத்தா தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதி அது.

பெண்கள் கதை இன்னும் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் அட்டையில் கணவரின் எழுத்து. பான் அட்டைக்கு இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்த விரிப்பு குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். விமான நிலைய ஒலிபெருக்கியில் இவளை அவள் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப்பெயர் ஆகி, தனிப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக எஃப்-என்-யூ என்று அச்சடித்து வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனை வீடுகளில் கலவரம்! மலேசியத் தமிழர்களுக்கு வேறு விதமான தலைவலி. பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் அங்கே ஒரு சாய்கோடு வரும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் நிரப்புக்குறியும் தவிர வேறெதற்கும் இடமில்லை. பெயருக்கே மொத்தம் 39 இடம். சாய்கோடு காணாமல் போகும், நீளமான அப்பா பெயர் பாதியில் நிற்கும்.

ஊர்ப் பெயரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2020-ல் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறும் என்று ஆணை வெளிவந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மொழிப்பற்று பக்கம் நான் போகவில்லை. பிறந்த ஊர் என்ற கட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் மென்பொருளை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் விரல்ரேகையும் முகமும் வந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள். இந்தத் தரவு இணைப்பே ஆகாது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகு இதற்கு இடமே இல்லை என்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் தேடப்படுகிறவனின் விரல்ரேகை பெரும்பாலும் நம்மிடம் இருக்காது. ஒரு பெயரும் அரைகுறை வயதும்தான் கையில் வந்து சேரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் தடவையில் ஒரே தடவைதான் தவறும் அளவுக்குத் துல்லியமான மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். டெண்டரில் ஜெயித்துவிடும். 140 கோடிப் பேரை அதில் ஓட்டினால் 14 லட்சம் அப்பாவிகள் மீது சிவப்பு விளக்கு எரியும். அந்தக் கூட்டத்துக்குள் நிஜமான ஆபத்துக்காரர்கள் ஆயிரம் பேர் இருந்தால், எரியும் விளக்குகளில் 1,400-க்கு ஒன்றுதான் உண்மை. சல்லடையை இறுக்கினால் அபுஜா பையன் தப்புவான், தளர்த்தினால் ராமசாமி மாட்டுவார். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை. யாரோ ஒருவர் ஓர் எண்ணைத் தட்டுகிறார்.

மாட்டுகிறவர்கள் பெரிய இடத்திலும் உண்டு. 2004-ல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க செனட்டரையே விமான நிலையத்தில் பலமுறை நிறுத்தினார்கள். காரணம், ஒரு முதலெழுத்தோடு கூடிய அவரது குடும்பப்பெயரை யாரோ ஒரு சந்தேக நபர் புனைபெயராக வைத்திருந்தாராம். அமெரிக்கருக்கே இனிஷியலால் வந்த வினை! பிறகு அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். டிக்கெட் எடுக்கும்போது முழுப் பெயரோடு பிறந்த தேதியையும் பாலினத்தையும் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். தவறான பொருத்தங்கள் சட்டென்று குறைந்தன. தவறாகச் சிக்கியவர்கள் முறையிட 2007-லிருந்து தனி ஏற்பாடும் இருக்கிறது. அதில் கிடைக்கும் எண்ணை டிக்கெட்டில் குறிப்பிட்டுக்கொள்ளலாம்.

செனட்டர் தொலைபேசியை எடுத்தால் வேலை நடக்கும். ஒரு மாணவிக்கு நடந்ததைப் பாருங்கள். மலேசியாவிலிருந்து வந்து ஸ்டான்ஃபோர்டில் ஆய்வுப் படிப்பு படித்துக்கொண்டிருந்தவர். 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தவரைக் கைவிலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். அன்றே விட்டுவிட்டார்கள், மறுநாள் ஊருக்குப் போனார். அப்புறம் திரும்பி வர விசா கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். 2014-ல் தீர்ப்பு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. 2004-ல் ஓர் அதிகாரி நிரப்பிய படிவத்தில், எந்தெந்தப் பட்டியலில் இவரைச் சேர்க்க வேண்டாமோ அதற்கு டிக் போடுங்கள் என்று இருந்திருக்கிறது. அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு டிக் போட்டுவிட்டார். தான் செய்த பிழை அந்த அதிகாரிக்கே 2013-ல் வாக்குமூலம் கொடுக்கும்போதுதான் தெரிந்ததாம். இங்கே பெயர் சரி, பிறந்த தேதி சரி, மென்பொருளும் சரி. சொன்னதைத்தான் செய்தது, ஒன்பது வருடம்.

நம் விமான நிலையங்களில் இந்தப் பட்டியல்களுக்குச் சமமானது, பயணியை நிறுத்தச் சொல்லும் லுக் அவுட் சர்க்குலர். அதைப் பிறப்பிக்க வெறும் பெயர் போதாது. பெற்றோர் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி போன்ற அடையாளங்கள் வேண்டும் என்பது 2010-லிருந்து உள்ள நெறிமுறை. நல்ல நெறிமுறை, ப. ராமசாமிகளைக் காப்பாற்றக்கூடியது. அன்று ஒரு வருடம் ஆனால் சர்க்குலர் தானாகக் காலாவதியாகும் என்றும் இருந்தது. 2021-ல் அது மாறியது. இப்போது பிறப்பித்தவர்கள் நீக்கச் சொல்லிக் கேட்கும்வரை அது அப்படியே இருக்கும். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் பற்றிய தவறான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தருகிறது. தேசப் பாதுகாப்பின் பேரில் அறிவிக்கப்படும் அமைப்புகளுக்கு அதே சட்டத்தில் விலக்கும் இருக்கிறது. உளவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தன் பெயர் எதில் இருக்கிறது என்றே தெரியாதவர் எதைத் திருத்தக் கேட்பார்?

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதி ஒன்றும், அந்தப் பெயரை ஏற்றியவர் யார் என்பதும் இருக்கட்டும். அந்தத் தேதி கடந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையென்றால் பெயர் தானே இறங்கட்டும். இனிஷியலை விரிக்காத, பிறந்த தேதி ஊகமாக உள்ள பதிவுகளுக்குத் தனி அடையாளம் போட்டு, அவற்றை ஒரு மனிதர் பார்க்காமல் பயணியை நிறுத்தக் கூடாது என்று விதி வைக்கட்டும். இதற்காகப் புதிதாக டெண்டர் விட வேண்டாம். இருக்கிற படிவத்தில் இரண்டு மூன்று கட்டம் கூட்டினால் போதும்.