100 வாட்ஸ் எல்லாம் தேவையா பாஸ்? மேடைக்கு கிட்டார் ஆம்ப் வாங்கும் முன் இதைப் படிங்க!

வீட்டில் ஹெட்போன் மாட்டி வாசிக்கும்போது சொர்க்கமாக இருந்த கிட்டார் டோன், கல்ச்சுரல்ஸ் மேடையில் ஏறியதும் காணாமல்போகிறதா? டிரம்மர் சிம்பலைத் தட்டிய நொடியில், நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காமல் போகிறதா? 'மச்சி, பெருசா ஒரு ஆம்ப் வாங்கிடணும்டா' என்றுதான் அடுத்து தோன்றும். அந்தப் 'பெருசு'தான் சேர்த்துவைத்த காசையெல்லாம் விழுங்கிவிட்டு, ரூமில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். பணத்தை எடுக்கும் முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வாட்ஸ் வேற... சத்தம் வேற!

50 வாட்ஸைவிட 100 வாட்ஸ் ஆம்ப் இரண்டு மடங்கு சத்தமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால், வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 'கொஞ்சம் ஏத்தின மாதிரி இருக்கே' என்று சொல்லும் அளவுக்குத்தான் அந்த வித்தியாசம். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால், 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் 10 மடங்காக வேண்டும்!

இதே 3 டெசிபலை ஸ்பீக்கரிலும் பிடிக்கலாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிட்டிவிட்டி என்று ஓர் அளவு உண்டு. 97 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 100 டெசிபல் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம், வாட்ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். எனவே பேண்டோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் வாட்ஸைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பாருங்கள். 8 இன்ச் ஸ்பீக்கர் பிராக்டீஸுக்கு ஓகே. டிரம்ஸோடு மோத 12 இன்ச்தான் நம்பிக்கையான சாய்ஸ்.

வால்வா, சாலிட் ஸ்டேட்டா, மாடலிங்கா?

வால்வ் ஆம்ப்பை அதன் எல்லைக்குத் தள்ளினால், ஒலி உடைவதுகூட இனிமையாக இருக்கும். அதனால் கடைசி சொட்டு வரை பயன்படுத்தலாம். 15 வாட்ஸ் வால்வ் ஆம்ப் ஒன்று சின்ன ஹாலைச் சமாளித்துவிடுவது இதனால்தான். ஆனால் விலை அதிகம், எடை அதிகம், வால்வ் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்து வாசித்தால், உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

சாலிட் ஸ்டேட் ஆம்ப் எல்லையைத் தாண்டினால் ஒலி கரகரவென்று கெட்டுவிடும். அதனால் அதில் கொஞ்சம் தாராளமாக, 50 வாட்ஸ் அளவில் எடுப்பது நல்லது. 'சாலிட் ஸ்டேட்னா மட்டம்' என்று யாராவது சொன்னால், ரோலண்ட் ஜேசி-120-ஐ ஞாபகப்படுத்துங்கள். 1975-ல் வந்த அந்த சாலிட் ஸ்டேட் ஆம்ப் இன்றும் உலகம் முழுக்க மேடைகளில் நிற்கிறது.

மாடலிங் ஆம்ப், பல ஆம்ப்களின் ஒலியையும் எஃபெக்ட்ஸையும் ஒரே பெட்டியில் தருகிறது. பட்ஜெட் பார்ட்டிகளுக்கு இதுதான் பெரும்பாலும் சரியான வழி. பாஸ் கட்டானா 50-ஐ எடுத்துக்கொண்டால், 12 இன்ச் ஸ்பீக்கரும் பவரை அரை வாட் வரை குறைக்கும் வசதியும் இருக்கின்றன. ராத்திரி ரூமிலும் வாசிக்கலாம், வார இறுதியில் மேடைக்கும் தூக்கலாம்.

எங்கே வாசிக்கப்போறீங்க?

1960-களில் மேடையில் கிட்டாருக்கு மைக் வைக்கும் வழக்கம் அரிது. ஆம்ப்பே கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். 1965 வாக்கில் 'தி ஹூ' கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் கேட்டுத்தான் மார்ஷல் 100 வாட்ஸ் ஆம்ப்களைச் செய்தது. இன்று ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்தால், கூட்டத்துக்குக் கேட்கவைப்பது சவுண்ட் இன்ஜினீயர் வேலை. உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் ஆம்ப்பின் வேலை முடிந்தது.

* கஃபே, சின்ன ஹால்: பாடகருக்கு மட்டும்தான் மைக் இருக்கும். 12 இன்ச், 50 வாட்ஸ் சாலிட் ஸ்டேட் அல்லது 15 வாட்ஸ் வால்வ் போதும்.
* கல்லூரி மைதானம்: மேடையிலேயே ஆம்ப் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். தந்தால் உங்கள் ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்ற வேண்டியதே இல்லை.
* சர்ச், கல்யாண மேடை: மேடைச் சத்தம் குறைவாக இருக்க வேண்டும். கேபினட் சிமுலேஷன் உள்ள மல்டி எஃபெக்ட்ஸை நேரடியாக மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். அந்த வசதி இல்லாமல் டிஸ்டார்ஷனை நேரடியாகக் கொடுத்தால், கொசு காதில் ரீங்காரமிடும் எஃபெக்ட்தான் கிடைக்கும்!

செகண்ட் ஹேண்டா? இதைச் செக் பண்ணுங்க!

உங்கள் சொந்த கிட்டாரையும் கேபிளையும் எடுத்துப்போங்கள். ஆம்ப் சூடாகும் வரை, குறைந்தது 20 நிமிடம் வாசியுங்கள். சில கோளாறுகள் சூடான பிறகே தலைகாட்டும். ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள், 'கர்ர்' என்று வந்தால் தூசியாக இருக்கலாம். கேபிளை ஜாக்கில் லேசாக அசையுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால், சர்வீஸ் செலவைக் கழித்துப் பேரம் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் வோல்டேஜைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது.

எர்த் பின்... உயிர் பின்!

ஆம்ப்பில் 'ஹம்' சத்தம் வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் கை தொடும் கிட்டார் கம்பிகள், ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. உதடு தொடும் மைக், சவுண்ட் சிஸ்டத்தின் எர்த்தோடு இணைந்தது. இரண்டில் ஒன்றில் கோளாறு இருந்தாலும், மின்சாரம் போகும் பாதை நீங்கள்தான். 1972-ல் வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீ மேடையில், 'ஸ்டோன் த குரோஸ்' பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில், வாசிக்கும் முன் எலெக்ட்ரீஷியனிடம் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒரு டெஸ்டரை வாங்கி பையில் போட்டுவைப்பதும் நல்லது.

காசே இல்லாமல் சத்தத்தைக் கூட்டலாம்!

புது ஆம்ப் வாங்கும் முன், இருப்பதை வைத்து அடுத்த ரிகர்சலில் இதைச் செய்துபாருங்கள். தரையில் இருக்கும் ஆம்ப் உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. உறுதியான ஒரு ஸ்டூலில் ஏற்றி, காதைப் பார்த்துத் திருப்புங்கள். கெயினைக் குறைத்து வால்யூமைக் கூட்டுங்கள். பேஸைக் குறையுங்கள், அது பேஸ் கிட்டாரின் ஏரியா. முக்கியமாக, மிட்ஸைக் கூட்டுங்கள். தனியாகக் கேட்கும்போது மிட்ஸ் குறைந்த டோன் கெத்தாக இருக்கும். ஆனால், பேண்டுக்குள் கிட்டார் உயிரோடு இருப்பதே அந்த மிட்ஸில்தான்.

இதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால், தாராளமாக கடைக்குக் கிளம்பலாம். ஆனால், பட்ஜெட் முழுவதையும் ஆம்ப்பிலேயே கொட்டிவிடாமல் ஒரு நல்ல கேபிள், ஒரு ஸ்பேர் கேபிள், ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பாட்டு நடுவில் கேபிள் காலை வாரினால், எத்தனை வாட்ஸ் ஆம்ப்பும் பொம்மைதான்!